நாள்பட்ட நோயும் ஆரம்ப சுகாதார நிலையமும்: நோயாளி வேண்டுவது என்ன?

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டில் விதைப்பு நெருங்கிவிட்டால் ஊரில் ஆள் இருப்பதில்லை. புரட்டாசி பிறந்ததும் மழையை எதிர்பார்த்து உளுந்தும் பாசியும் சோளமும் மண்ணில் விழுந்தாக வேண்டும். மானாவாரிப் பூமியில் அந்த ஒரு வாரம் தவறினால் அந்த ஆண்டே தவறியதுபோல் ஆகும். அப்படிப்பட்ட வாரத்தில் ஓர் அங்கத்தினருக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாமல் காட்டுக்குப் போகிறார். தறியில் பாவு ஏற்றிய நெசவாளரும் அப்படியே. தவணைக்குள் சேலையை அறுத்துச் சங்கத்தில் சேர்த்தால்தான் அவருக்குக் கூலி.

இத்தகையவரை நாம் அசட்டையானவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையிலும் பல சமயம் அவ்வாறே சொல்லப்படுகிறது. இப்பாடத்தில் அந்தக் குற்றச்சாட்டைச் சற்று நிறுத்தி வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். நாள்பட்ட நோயுடையவர் ஆரம்ப சுகாதார நிலையத்திடம் உண்மையில் எதை வேண்டுகிறார்? அதைக் கேட்டறியாமல் நடத்தும் எந்தத் திட்டமும் பாதி வழியிலேயே நின்றுபோகும் என்பது நாம் காணும் உண்மை.

முதலில் நோயின் தன்மையைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். காய்ச்சல் என்பது பயிர்க்கடன் போன்றது. விதைப்பில் வாங்கி, அறுவடையில் கட்டி, கணக்கை முடித்துவிடலாம். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் நடப்புக் கணக்கைப் போன்றவை. அவற்றுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒழுங்காகப் பற்றும் வரவும் எழுதி வருவதே காரியம். இரத்த அழுத்தம் பலமுறை அளந்தும் 140க்கு 90 என்னும் அளவுக்குக் குறையாமல் நின்றால் அதைக் கொதிப்பு என்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. இரண்டிலும் தொல்லை என்னவென்றால், பெரும்பாலும் உடம்பில் ஒரு குறியும் தெரிவதில்லை. களை எடுக்கலாம், மூட்டை தூக்கலாம், நாள் முழுவதும் தறிக்குழியில் இருந்து மிதிக்கலாம். பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கேடாகவோ, கண் மங்கலாகவோ, ஆறாத கால் புண்ணாகவோ அது வெளிப்படும்.

ஆகவே ‘நன்றாகத்தானே இருக்கிறேன், ஏன் மாத்திரை?’ என்று கேட்கும் நோயாளி மூடர் அல்லர். அவர் உடம்பு அவரிடம் சொல்வதைத்தான் அவர் நம்புகிறார்.

நம் மாநிலத்தின் நிலையைக் கணக்கில் காணலாம். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோர் நூறு பேரில் ஏறக்குறைய 34 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 17 அல்லது 18 பேருக்கு நீரிழிவும் இருந்தன. அதைவிடக் கவலை தரும் எண் வேறொன்று. கொதிப்பு உடையவர் நூறு பேரில் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் ஏழு பேர் சொச்சம்தான். நீரிழிவு உடையவர் நூறு பேரில் சுமார் 11 பேர். பின்னர் எடுத்த மறு கணக்கெடுப்பு இந்த நிலை முன்னேறியதைக் காட்டிற்று. ஆயினும் கட்டுக்குள் வராதவரே இன்னும் பெரும்பான்மையோர். இத்தனைக்கும் மாத்திரை அரசு நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. மருந்து இருக்கிறது, நோயும் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை! இடையில் உள்ள இடைவெளியில்தான் நோயாளியின் தேவை ஒளிந்திருக்கிறது.

இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. போர் கமிட்டி 1946இல் அளித்த அறிக்கையும், 1952இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டமும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வித்திட்டன. அக்காலத்தின் எதிரிகள் அம்மை, மலேரியா, காலரா, பிள்ளைப்பேற்று மரணம் ஆகியவை. அவற்றுக்கு ஏற்றபடியே நிலையம் அமைந்தது. நோயாளி வருவார், சீட்டு எழுதப்படும், மருந்து வாங்குவார், போவார். அடுத்த முறை அவர் வந்தால் புதிய சீட்டு, புதிய வரிசை. ஒருமுறை வந்து போகிறவருக்கு அது பொருந்தும். வாழ்நாள் முழுவதும் வர வேண்டியவருக்கு அது பொருந்தாது.

தமிழ்நாட்டில் இதை மாற்றும் முயற்சி நமக்கு அண்டை வீட்டிலேயே தொடங்கியது. தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ் 2007 முதல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இரத்தக் கொதிப்பைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கும் முன்னோட்டம் நடந்தது. சாத்தூருக்கு அப்பால் நடந்த காரியம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தூரம் விளங்கும். 2012இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, இந்நோய்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு செவிலியரை நிலையத்தில் அமர்த்தும் முறை வந்தது. இந்தச் சிறிய ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளிக்குத் தெரிந்த முகம் ஒன்று நிலையத்தில் ஏற்பட்டது அல்லவா?

அரை நாள் கூலி

இலவச மருந்து என்கிறோம். நெசவாளருக்கு அது இலவசமா என்று பார்க்க வேண்டும். கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, அழுத்தம் பார்த்து, டாக்டரைக் கண்டு, மருந்து அறைக்கு முன் மறுபடி நின்று, வீடு திரும்ப அரை நாள் ஓடிவிடும். தறி நின்ற அரை நாள் கூலியை யாரும் தருவதில்லை. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு எண்ணிக்கைக்குத் தக்க கூலி. அவளுக்கும் அதே நஷ்டம். பருத்தி எடுப்பு நாளில் காட்டுக்காரருக்கு இதைவிட அதிகம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இப்படிப் போவதென்றால், மாத்திரையின் விலையைவிட அதை வாங்கப் போகும் செலவு கூடுதலாகிறது.

வேறு தேசங்களிலும் இதே கதைதான். இலங்கை அரசு 2011 முதல் ஊர்தோறும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை ஏற்படுத்தி, கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வசதி செய்தது. பெண்கள் வந்தார்கள், ஆண்கள் வெகு குறைவாகவே வந்தார்கள். நிலையம் திறந்திருந்த நேரம் அவர்களுடைய வேலை நேரமாயிருந்தது ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையோ, வசதி மிக்க நாடுகளிலேயே நெடுநாள் மருந்தை முறைப்படி உட்கொள்வோர் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று கூறிற்று. எனவே இது கரிசல் காட்டு மக்களின் தனிக் குறை அன்று.

2009இல் விக்டர் மொன்டோரி முதலிய மருத்துவ அறிஞர்கள் மூவர் ஒரு கருத்தை முன்வைத்தனர். நோய் ஒரு சுமை. அந்நோய்க்கான சிகிச்சை மற்றொரு சுமை. சந்திப்புகள், பரிசோதனைகள், மாத்திரைகள், பத்தியங்கள் என்று நோயாளியின் தலையில் வேலையை ஏற்றிக்கொண்டே போய், அவர் சுமக்க முடியாமல் கீழே போடும்போது அவரைக் குறை கூறுவது நியாயமன்று என்றார்கள். வாழ்க்கையை மிகக் குறைவாகக் குலைக்கும் மருத்துவமே வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதை எழுதியவர்கள் அயல்நாட்டார். அதன் பொருளோ நம் ஊர்த் திண்ணையில் நாள்தோறும் பேசப்படுவதுதான்.

இந்தச் சுமையைக் குறைக்கும் பொருட்டே 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவும், ஏற்கெனவே நோய் கண்டவருக்கு மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. படுத்த படுக்கையாய் உள்ளவருக்கு இயன்முறைப் பயிற்சியும், வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே அளிப்பதும் அதன் பகுதி. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பன்முகமைப் பணிக்குழு இதற்கு விருது வழங்கியது.

வீட்டுக்குச் செல்லும் முறைக்குத் தமிழ்நாட்டில் முன்னோடியும் உண்டு. சென்னையை அடுத்த கிராமங்களில், சுமார் 25,000 மக்களிடையே, சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி முன்னின்ற கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் அறக்கட்டளை 1990களிலேயே இதைச் செய்து காட்டியது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று பார்க்கவும், அழுத்தம் அளக்கவும் வைத்தார்கள். கண்டுபிடித்த நோய்களுக்கு மிக மலிவான பழைய மருந்துகளையே பயன்படுத்தினார்கள். சிறுநீரகம் கெட்ட பின் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆகும் பெருஞ்செலவைவிட, அது கெடாமல் காக்க ஆகும் சிறுசெலவே ஏழை நாட்டுக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை.

மருந்து வீட்டுக்கு வருவது பெரிய நன்மை. ஆனால் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணக்கூடாது. பகலில் எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டால் தன்னார்வலர் பூட்டிய கதவைத்தான் காண்பார். மேலும், மாத்திரை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்க, அதன் அளவு சரியா என்று டாக்டர் பார்த்தே ஓர் ஆண்டு ஆகிவிட்டால் என்ன பயன்? அழுத்தம் 160இல் நிற்க, பழைய அளவையே விழுங்கிக்கொண்டிருப்பது வைத்தியம் ஆகாது. நோயாளி வேண்டுவது இரண்டும்தான். வழக்கமான மருந்துக்கு அவரை அலையவிடக் கூடாது. அளவை மாற்ற வேண்டிய சமயத்தில் டாக்டர் அவரைக் கண்டாக வேண்டும்.

இருவர் கையிலும் ஒரு கணக்கு

இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தாயாருக்கு இரத்தக் கொதிப்பு. அரசு நிலையத்தில் கொடுத்த வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். ஒருமுறை வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கியபோது, அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டி, வேறு நிறத்தில் ஒரு மாத்திரை வாங்கி வந்தார். இரண்டும் ஆம்லோடிபின் என்னும் ஒரே மருந்து. உறையில் இருந்த பெயர்கள் வேறு, எழுத்து ஆங்கிலம். தாயார் இரண்டையும் தவறாமல் சாப்பிட்டார். சொன்னதைக் கேட்கும் குணம் அவருக்கு. கால் வீங்கிற்று, ஒருநாள் காலையில் எழுந்தவர் தலை சுற்றித் திண்ணையில் சாய்ந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. முதலில் கொடுத்தவரும் தவறு செய்யவில்லை, இரண்டாவது கொடுத்தவரும் தவறு செய்யவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தில் நமக்கு இப்படி நேருமா? கணக்குப் பேரேடு சங்கத்தில் இருக்கிறது. பாஸ்புத்தகம் அங்கத்தினர் கையில் இருக்கிறது. செயலாளர் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், மருத்துவத் துறைக்கும் பாஸ்புத்தகம் புதிதன்று. 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்தது. எவ்வளவு மருந்து பெற உரிமை, எவ்வளவு பெற்றது, எவ்வளவு மீதி என்று அதில் பதிவாகும். தமிழ்நாட்டின் மருந்து வழங்கும் முறை பிற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டானதில் இதற்கும் பங்கு உண்டு. நிலையத்துக்கு இருக்கும் பாஸ்புத்தகம் நோயாளிக்கும் இருக்க வேண்டாமா?

ஜப்பானில் கூட்டுறவாளரே இதைச் செய்தார்கள் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவது நல்லது. நகானோ மாநிலத்து மலைப்பகுதியில் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்புக்குச் சொந்தமான சாக்கு மத்திய மருத்துவமனை உள்ளது. 1945இல் அங்கே வந்த வகத்சுகி தோஷிகஸு என்னும் அறுவை மருத்துவர், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராகச் சென்றார். சொற்பொழிவைவிட நாடகம் மனத்தில் தங்கும் என்று கண்டு, மருத்துவமனை ஊழியர்களைக் கொண்டே நாடகமும் நடத்தினார். 1959இல் யாச்சிஹோ என்னும் கிராமத்தில் ஊர்மக்கள் அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆரோக்கியக் கைப்புத்தகம். நிலையத்தில் அதற்கு நேரான பதிவேடு. அப்பகுதி மக்கள் குளிர்காலம் முழுவதும் உப்பிட்ட காய்கறிகளைத் தின்று பக்கவாதத்துக்குப் பெயர்போனவர்களாக இருந்தார்கள். பிற்காலத்தில் ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் உடையோர் வாழும் இடங்களுள் நகானோவும் ஒன்றாயிற்று. வகத்சுகிக்கு 1976இல் மகசேசே விருது கிடைத்தது.

கணினியில் இப்போது பதிவு இருக்கிறதே, புத்தகம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். கணினிப் பதிவு நிலையத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆயினும் பதிவு நோயாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேதி, அழுத்தம், சர்க்கரை, மருந்தின் உண்மைப் பெயர், வேளைக்கு எத்தனை, அடுத்து வர வேண்டிய நாள், இவ்வளவும் தமிழில், பெரிய எழுத்தில் இருந்தால் போதும். சென்ற மாதம் 170 இருந்தது, இம்மாதம் 146 ஆயிற்று என்று தம் கண்ணாலேயே பார்க்கிறவர் மாத்திரையை விடமாட்டார். உடம்பு சொல்லாததை அந்த எண் அவருக்குச் சொல்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நாமே கோடு போட்டுக் கொண்டாலும் காரியம் நடக்கும்.

பேச்சும் பத்தியமும்

மருந்துக்கு அடுத்தபடி நோயாளி வேண்டுவது, தமது அடுப்பை அறிந்து சொல்லும் புத்திமதி. ‘அரிசியை விட்டுவிடு, சப்பாத்தி சாப்பிடு’ என்பது பொதுவாகக் கிடைக்கும் உபதேசம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும் பூமியில், வெளியூர்க் கோதுமையைக் கடையில் வாங்கித் தின்னச் சொல்வது சற்று விந்தைதான். இத்தானியங்களில் நார்ச்சத்து மிகுதி. ஆயினும் அவை சர்க்கரையை ஏற்றவே மாட்டா என்று எண்ணி வயிறு நிரம்ப உண்பதும் தவறு. மாவாய் அரைத்து நீராகக் காய்ச்சிய கூழ், கெட்டியாகச் சமைத்த சோற்றைவிட விரைவில் சர்க்கரையை ஏற்றும். அளவு எதிலும் அளவுதான். வெல்லம் சர்க்கரையன்று என்ற ஆறுதலும் உதவாது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நமது கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. நீரிழிவுடையவருக்கு அது பெருமையாக மட்டும் இருக்கட்டும்.

உப்பு விஷயம் இதைவிட நுட்பமானது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு உட்பட, உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காட்டில் வெயிலில் வேலை செய்பவருக்குக் கூழும், அதற்கு மோர்மிளகாயும், வற்றலும், கருவாடும், ஊறுகாயுமே துணை. எல்லாம் உப்பில் ஊறியவை. இவற்றையெல்லாம் ஒரேயடியாக விட்டுவிடு என்றால் அவர் கூழையும் குடிக்கமாட்டார், அடுத்த முறை நிலையத்துக்கும் வரமாட்டார். கூழில் உப்புப் போடாமல் மோர்மிளகாய் மட்டும் கடித்துக்கொள், அல்லது கூழில் போட்டால் ஊறுகாயை விடு என்று ஒன்றைச் சொன்னால் கேட்பார். இப்படிப் பேசுவதற்கு ஐந்து நிமிஷம் வேண்டும். வரிசை வாசல் வரை நிற்கும்போது டாக்டருக்கு அந்த ஐந்து நிமிஷம் இல்லை என்பதும் நியாயமே. அதனால்தான் செவிலியரும் தன்னார்வலரும் அப்பேச்சுக்குத் தகுதி பெற வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் தேவை வேறு. ஊசி மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்கும். சித்திரையில் நம் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணலிட்டு, அதற்குள் சிறிய மண்கலயத்தில் மருந்துக் குப்பியை நீர் படாமல் வைத்து, மணல் உலராமல் பார்த்துக் கொண்டால், பயன்பாட்டில் உள்ள குப்பியை வெப்பத்திலிருந்து ஓரளவு காக்கலாம். இதை நிலையத்தில் ஒருவர் செய்து காட்டினால் எத்தனையோ பேருக்கு உபகாரம்.

இரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிகள் வாய் திறந்து கேட்காத, ஆனால் மிகவும் விரும்பும் காரியம் இது. மணமாகாத பெண்ணுக்குச் சர்க்கரை என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘உனக்கு 300 இருக்கிறது’ என்று வரிசையில் நிற்பவர் அனைவரும் கேட்கக் கூவினால், அவள் மறுமுறை வருவாளா? நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்களும் இதில் தீங்காய் முடியும். நமது சங்கங்களில் எக்காரணம் கொண்டும் நோயாளிகளின் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வதோ ஒட்டுவதோ கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சங்கம் செய்யக் கூடியது

வைத்தியம் சங்கத்தின் தொழில் அன்று. ஆனால் அங்கத்தினர் ஒருங்கே கூடும் நாள் எது என்பது சங்கத்துக்குத்தான் தெரியும். நெசவாளர் சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கி, அடுத்த பாவுக்கு நூல் எடுக்க வரும் நாள் ஒன்று இருக்கிறது. காட்டுக்காரர் உரத்துக்கும் கடனுக்கும் வரும் நாள் ஒன்று இருக்கிறது. அந்நாளில் செவிலியரோ தன்னார்வலரோ சங்கக் கட்டிடத்துக்கு வந்தால், அரை நாள் கூலி மிஞ்சும். பூட்டிய கதவைத் தேடி அவரும் அலைய வேண்டாம். இதற்குச் சங்கம் கொடுக்க வேண்டியது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மறைப்புக்கு ஒரு திரை. நெசவாளர் சங்கத்தில் திரைக்குத் துணி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்! இதற்காக நிலையத்து மருத்துவ அலுவலருக்கு நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி ஒரு கடிதம் எழுதுவது முதல் வேலை.

கடிதத்தில் பொதுவாக ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று எழுதிப் பயனில்லை. விதைப்பு மாதத்திலும் பருத்தி எடுப்பு மாதத்திலும் நோயாளிக்குப் பதிலாக வீட்டார் ஒருவர் நோட்டைக் காட்டி மருந்து பெறலாமா, அக்காலத்துக்கு மட்டும் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா, சென்ற மூன்று மாதத்தில் எந்த மருந்தாவது இருப்பில் இல்லாத நாள் உண்டா, ஒவ்வொரு நோயாளியையும் டாக்டர் நேரில் பார்க்கும் தவணை எது, நீரிழிவுடையவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் காலும் சிறுநீரும் பார்க்கப்படுகின்றனவா என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அதிகாரிகளைக் குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். நிலையத்தில் உள்ளவர்களும் ஆள் பற்றாக்குறையில் உழல்பவர்களே. தெளிவான கேள்வி அவர்களுக்கும் மேலிடத்தில் கேட்க உதவும்.

பதில் வராவிட்டால் கிராம சபை இருக்கிறது. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டம் புரட்டாசி நடுவில் வருகிறது. காட்டு வேலை கழுத்தை நெரிக்கும் சமயம் அது. ஆட்கள் குறைவாகவே வருவார்கள். ஆகவே ஆகஸ்டு 15ஆம் தேதிக் கூட்டத்திலேயே கேள்விகளை வைத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவாயிற்றா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அக்கூட்டத்துக்கு முன் சங்கத்தின் படிப்பு வட்டத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள மாத்திரை உறைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்று செவிலியரைக் கொண்டு பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து நான்கு உறைகள் கிடைத்தன.